முதல் ஒன்பது மெஷின்

ஜூன் 9

வேலை கிடைத்துவிட்டது! கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர்! ஐம்பத்திரண்டு காற்றாலை! என் கையில்!

‘சுழலி சங்கம்’ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் நூற்றுப் பதினான்கு இதயம். இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் குரூப் அது. எல்லாருக்கும் காற்றாலைதான் உயிர். இறக்கையை லாரியில் ஏற்றி வளைவில் திருப்புகிற வீடியோவை நாற்பது தடவை பார்ப்பவர்கள். ஒருத்தரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

பி.காம். படித்த கும்பகோணத்துப் பெண்ணுக்கு இந்த வேலையைக் கொடுத்தது எப்படி என்று அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. இன்டர்வியூவில் மேனேஜர் தாணுலிங்கம் சாரும் அதையேதான் கேட்டார். “இதெல்லாம் எங்க படிச்ச?” “யூடியூப்ல சார். அப்புறம் மேனுவல் பி.டி.எஃப். எல்லாம் ஃப்ரீயா கிடைக்குது சார்.” அவர் சிரித்தார். ஆள் கிடைக்காமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன?

இந்த நோட்டு, குரூப்பில் போட முடியாத விஷயங்களுக்கு.

ஜூன் 12

பணகுடியில் இறங்கியதும் துப்பட்டா பறந்துபோய் ஒரு ஆட்டோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஆட்டோக்காரர் எடுத்துக் கொடுத்து, “ஊருக்குப் புதுசா?” என்றார்.

தங்கியிருப்பது விக்டோரியா அக்கா வீட்டு மாடி அறை. “ஒத்தையிலயா வந்திருக்க? ஒன்னய எப்பிடி விட்டாவ வீட்ல?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு டஜன் கிளிப்பைக் கையில் திணித்தார். ஒரு துணிக்கு நாலு கிளிப் போடவேண்டுமாம். இல்லையென்றால் கடலில் போய்த்தான் எடுக்க வேண்டுமாம்.

அம்மா போன் செய்தார். “ஃபேன் கம்பெனி எப்படி இருக்கு?”

ஜூன் 13

முதல் நாள். கன்ட்ரோல் ரூம் என்பது ஒரே ஒரு அறை. மூன்று திரை, ஒரு நாற்காலி, ஒரு போன், ஒரு வயர்லஸ், ஓடாத ஏசி. ஜன்னலில் பார்த்தால் 31, 32, 33 ஆகிய மூன்று மெஷின்கள் தெரிகின்றன. மற்றதெல்லாம் நாற்கர ரோட்டுக்கு அந்தப் பக்கமும் மலையடியிலும் இருக்கின்றன. எனக்கு அவை திரையில் பச்சைக் கட்டங்கள்.

பகல் முழுக்க நான் மட்டும்தான். மாலை ஆறு மணிக்கு சகாயராஜ் வந்து மாற்றிவிடுவார். அதிகம் பேசுகிற ஆள் அல்ல. அவருக்குக் கொட்டாவிதான் மொழி.

ஆனால் அவர்தான் பேக் டவுன் சொல்லிக்கொடுத்தார். காற்று ரொம்ப அடித்து, ஊரில் கரண்ட் மிதமிஞ்சினால் சென்னை மின்வாரியத்திலிருந்து போன் வரும். இத்தனை மெகாவாட் குறை என்பார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் குறைத்துவிட வேண்டும்.

“எந்த மெஷின நிறுத்துறது?” என்று கேட்டேன்.

“மேல இருந்து அமுக்கிட்டே வாங்க. சொன்ன அளவு கொறஞ்சதும் விட்ருங்க.”

“மேலருந்துன்னா?”

“லிஸ்ட்ல மேல. ஒண்ணு, ரெண்டு, மூணு. வேற எப்பிடி?”

ஜூன் 17

வயர்லஸில் ஒரு குரல். “கன்ட்ரோல், கன்ட்ரோல், யேசுவடியான் பேசுதேன். மூணாம் நம்பர் மேல நிக்கேன். காத்து மண்டையப் பிச்சிக்கிட்டுப் போவுது. மேடத்துக்கு அங்க ஏசில சொகமா இருக்கா?”

“ஏசி ரிப்பேர் அண்ணா.”

“அப்போ ஜன்னலத் தொறங்க. இங்க காத்துக்கா பஞ்சம்?”

மெஷின்களில் ஏறி இறங்கிப் பராமரிக்கிற டெக்னீஷியன் அவர். பதினான்கு வருடம் ஏறுகிறாராம்! எண்பது மீட்டர் ஏணி! மேடம் வேண்டாம், மது என்று கூப்பிடுங்கள் என்றேன்.

“பூராப் பேரு என்ன?”

“மதுவந்தி.”

“அப்போ வந்தின்னு கூப்பிடுதேன். வயர்லஸ்ல மது மதுன்னு கத்துனா, கேக்கவன் என்னயத்தான் தப்பா நெனப்பான்.”

நான்கு நாளில் முதல்தடவையாகச் சத்தமாகச் சிரித்தேன். அறையில் எதிரொலித்தது.

ஜூன் 21

காற்று வந்துவிட்டது. இது சீசன். ஐம்பத்திரண்டும் பச்சை. முடியில் மண். சாம்பாரில் மண்.

ஜூன் 27

முதல் பேக் டவுன் போன்! பத்து மெகாவாட். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, ‘ஸ்டாப்’ அமுக்கி, ‘நிச்சயமா?’ என்று கேட்டால் ஆமாம் என்று அமுக்கி, ஒன்பதாவது மெஷின் நின்றபோது சரியாகப் பத்து குறைந்தது. ஆறு நிமிடம் பத்து வினாடி.

குரூப்பில் போட்டேன். பூனைவால் என்று ஒருத்தர் இருக்கிறார், குரூப்பில் பெரிய தலை. “ஆறு நிமிஷமா? ஆமை” என்று எழுதினார். உடனே இருபது பேர் ஆமை ஸ்டிக்கர் போட்டார்கள்.

இருக்கட்டும். பார்க்கலாம்.

ஜூலை 4

மூன்று நிமிடம் இருபது.

ஒரு கண்டுபிடிப்பு. திரையில் ஸ்க்ரோல் செய்யாமலேயே முதல் ஒன்பது மெஷினும் தெரிகின்றன. பத்தாவதுக்கு மௌஸ் சக்கரத்தை உருட்ட வேண்டும். அதற்கு இரண்டு வினாடி வீண். ஆக ஒன்பதுதான் என் மைதானம்.

ஜூலை 7

ஞாயிறு, விடுமுறை. துணி துவைத்தேன். தலையணை உறை ஒன்று பறந்துவிட்டது. விக்டோரியா அக்கா சர்ச்சுக்குப் போய்விட்டார். பிறகு அவர் தங்கை வீட்டுக்கு. படியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். குரூப்பில் யாருமில்லை, எல்லாருக்கும் ஞாயிறு.

ஜூலை 11

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு. ஆமை ஸ்டிக்கரை இப்போது யாரும் போடுவதில்லை. ‘ராணி’ என்று ஒருவர் எழுதினார்.

யேசுவடியான் அண்ணா இன்று வயர்லஸில் தன் மனைவி பொரித்த நெத்திலியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். ஏழாவதின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டாராம். “கடல் தெரியுது, கடல் மீனு வாயில இருக்கு. ஒனக்கு அங்க என்ன?” பிஸ்கட் என்றேன். “சவம், பிஸ்கட்டத் திங்கவா இந்தக் காட்டுக்கு வந்த?”

ஜூலை 19

நாற்பத்தேழு வினாடி!!!

எப்படி என்றால், ‘ஸ்டாப்’ என்பதற்குக் கீழே ‘ஃபாஸ்ட் ஸ்டாப்’ என்று இன்னொரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் ‘நிச்சயமா?’ என்று கேட்காது. இறக்கைகள் படக்கென்று திரும்பி, பிரேக் பிடித்து, மெஷின் பத்து வினாடியில் படுத்துவிடும். ஒன்பது கிளிக். முடிந்தது.

தாணுலிங்கம் சார் ஓடி வந்தார். சென்னையிலிருந்து அவருக்குப் போனாம். இவ்வளவு வேகமாக எந்தப் பண்ணையும் குறைத்ததில்லையாம். நேரத்தைத் தாளில் அச்செடுத்து, என் பெயரோடு நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டார். “சகாயராஜு, இனிமே இப்பிடித்தான். பாத்துப் படிச்சிக்கோ.”

சகாயராஜ் கொட்டாவி விட்டார்.

குரூப்பில் வெடி. பூனைவால் எனக்கென்று ஒரு ஸ்டிக்கர் செய்தார். நான் ஒரு காற்றாலையைக் கழுத்தைப் பிடித்து அமுக்குகிற மாதிரி. முகம் நிஜமாகவே என்னை மாதிரி இருக்கிறது. புகைப்படம் எங்கே எடுத்தாரோ.

அம்மாவிடம் சொன்னேன். “வேகமா நிறுத்தினா பாராட்டுவாங்களா? ஓட வைக்கத்தானேடி சம்பளம்?”

ஜூலை 22

“வந்தி, மூணாம் நம்பர்ல பிரேக் பேடு போச்சு.”

“போன மாசம்தானே மாத்துனீங்க?”

“அதான் சொல்லுதேன். தேஞ்சி இரும்பு தெரியுது. மேல ஒரே கருக நாத்தம். சப்பாத்தி தீஞ்ச மாதிரி.”

பேடு கம்பெனி மட்டமாக இருக்கும் என்றேன். இருக்கும் என்றார்.

ஜூலை 27

நாற்பத்தி நாலு.

ஆகஸ்ட் 3

விடுமுறை. யேசுவடியான் அண்ணாவிடம் ஒரு மாதமாகக் கெஞ்சியதில், இன்று ஜீப்பில் மூன்றாம் நம்பருக்குக் கூட்டிப்போனார். ஏறவிட மாட்டார், அதற்கு மெடிக்கல் பாஸ் வேண்டும். அடியில் நின்று பார்க்கலாம்.

எழுத வரவில்லை. கிட்டே போனால் அது அவ்வளவு பெரியது! கதவைத் திறந்து உள்ளே போனோம். வெளியே வெயில், உள்ளே குளுகுளு, ஆயில் வாசனை. வட்டச் சுவர் முழுக்க ஒரு ‘ம்ம்ம்’ ஓடிக்கொண்டிருந்தது. அண்ணா கீழே இருக்கிற பெட்டியில் ஏதோ மீட்டர் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு காற்றாலையைத் தொடுகிறேன். ஐந்து வருட ரசிகை!

அப்போதுதான் நடந்தது.

மேலே ‘கிரீச்ச்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, சுவர் என்னைத் தள்ளியது. நிஜமாகத் தள்ளியது. ‘டங்ங்’ என்று எங்கோ உலோகம் அடித்தது. ஏணிப் படியில் வைத்திருந்த அண்ணாவின் டிபன் பாக்ஸ் கீழே விழுந்து சோறு சிதறியது. மொத்தக் கோபுரமும் முன்னும் பின்னும் போய்வந்தது. அடியில் வட்டமாக இருக்கிற போல்ட்டுகள் முனகின.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். “என்னண்ணா இது?”

“இதுவா? பேக் டவுன் வந்திருக்கும். இந்த சீசன்ல நெதம் ஒரு தடவ, ரெண்டு தடவ இப்பிடித்தான். முன்ன இப்பிடிக் கெடையாது, பைய நிக்கும். அந்தக் கிறுக்கன் சகாயராசு எதையோ போட்டு அமுக்குதான்.” சிதறின சோற்றைக் கையால் கூட்டினார். “ஒருக்கா மேல இருக்கும்போது இப்பிடி ஆச்சுன்னு வையி, பல்லு போயிரும்.”

மேலே ஆள் இருந்தால் மெஷின் பூட்டில் இருக்கும், அமுக்க முடியாது என்றேன்.

“அது தெரியும். நான் மெஷினுக்குச் சொல்லுதேன்.”

எனக்குத் தெரியும். தியரி முழுக்கத் தெரியும். காற்று தள்ளத் தள்ள, கோபுரம் பின்பக்கம் கொஞ்சம் வளைந்தே நிற்கும். இறக்கையைப் படக்கென்று திருப்பினால் தள்ளுவது நின்றுவிடும். கதவில் சாய்ந்திருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி, அது முன்னால் விழப்பார்த்துத் திரும்பி வரும். பல்சக்கரம், பிரேக், போல்ட், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அடி. இதைப் பற்றி நானே குரூப்பில் இருபத்துமூன்று பதிவு எழுதியிருக்கிறேன். படத்தோடு.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவர் கேட்டார். “என்ன, காத்தாடி பாத்துட்டு வாயடைச்சிப் போய்ட்ட?”

பசிக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 4

விக்டோரியா அக்கா வீட்டில் புளிக்குழம்பு. துணி எடுத்து மடித்தேன். நான்கு கிளிப் உடைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 5

போன் வந்தது. சாதாரண ‘ஸ்டாப்’ அமுக்கினேன். நான்கு நிமிடம்.

தாணுலிங்கம் சார் எட்டிப் பார்த்தார். “என்ன இன்னைக்கு? ஒடம்பு சரியில்லையா?”

ஆகஸ்ட் 6

நாற்பத்தொன்பது வினாடி.

ஆகஸ்ட் 8

மூன்றாம் நம்பர் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, தானாக. கியர் பாக்ஸ் ஆயில் ஃபில்டரில் இரும்புத் தூள் இருந்ததாம். பல்சக்கரம் உதிர்கிறது என்று அர்த்தம். கிரேன் கொண்டுவந்து இறக்க வேண்டும். சீசனில் கிரேன் கிடைக்காது.

தாணுலிங்கம் சார் யேசுவடியான் அண்ணாவைக் கன்ட்ரோல் ரூம் வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டார். நான் உள்ளே இருந்தேன்.

“ஆயில் மாத்துனியா இல்லியா?”

“மாத்துனேன் சார். ஏப்ரல்ல.”

“டிஸ்க்க தொடச்சிட்டு பேடு மாட்டுனியா?”

“சார், பதினாலு வருசமா மாட்டுதேன்.”

“பதினாலு வருசமா மாட்டுனவனுக்கு மூணு மாசத்துல மூணு செட்டு பேடு எப்பிடிவே போகும்? ஒண்ணு, ரெண்டு, நாலு, அதுலயும் இதே கததான். ஒன்னோட மெஷின் மட்டும்தான் போவுது. அந்தப் பக்கத்துக்காரன் மெஷின் ஒண்ணும் போகலியே?”

ஒன்று முதல் பதினைந்து வரை யேசுவடியான் அண்ணாவுடையது. முதல் ஒன்பதும் அதற்குள் வருகின்றன.

போகும்போது அவர் ஜன்னலில் தட்டி, “டீ வேணுமா வந்தி?” என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 10

மாதாந்திர ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மெஷினும் எத்தனை மணி நேரம் நின்றது என்று மட்டும்தான் வரும். எப்படி நின்றது என்று வராது. அதற்குச் சர்வருக்குள் போய் மூல லாக், அதாவது ஒவ்வொரு கிளிக்கும் பதிவாகியிருக்கிற பட்டியல், எடுக்க வேண்டும். இங்கே அதை எடுக்கத் தெரிந்தவர் நான் ஒருத்திதான். அதுவும் ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோவைப் பார்த்துக் கற்றது.

எடுத்தேன்.

மூன்றாம் நம்பர், ஜூலை 19 முதல்: ஃபாஸ்ட் ஸ்டாப் முப்பத்தொன்று. அதில் இருபத்தாறு, ஆபரேட்டர் 6. ஐந்து, ஆபரேட்டர் 4, அதாவது சகாயராஜ்.

நாற்பதாம் நம்பர்: பூஜ்யம்.

ஐம்பத்திரண்டாம் நம்பர்: பூஜ்யம். நான் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆபரேட்டர் 6 நான்.

ஃபைலை மூடினேன்.

ஆகஸ்ட் 13

டெக்னீஷியன்கள் எல்லாரும் கான்ட்ராக்ட். ஆகஸ்ட் முடிந்தால் முடிந்தது. யாரை மறுபடி ஒரு வருடத்துக்கு எடுப்பது என்கிற லிஸ்ட் 20ஆம் தேதி ஹெட் ஆபீசுக்குப் போகும். சகாயராஜ் சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை. “யேசுவடியான் பேரு இருக்காதுன்னு நெனைக்கேன். பாவம், மூத்தவன் பத்தாங் கிளாஸ்.”

ஃபாஸ்ட் ஸ்டாப்பை இப்போது தொடுவதில்லை. கேட்டால் மௌஸ் சரியில்லை என்கிறேன்.

ஆகஸ்ட் 16

குரூப்பில், ‘ஒரு நண்பருக்கு’ என்று போட்டு விஷயத்தைக் கேட்டேன். நண்பர் செய்த தவறால் இன்னொருவர் மாட்டிக்கொண்டால் நண்பர் என்ன செய்ய வேண்டும்?

பூனைவால்: “லாக் எத்தனை நாள்ல தானா அழியும்?”

தொண்ணூறு நாள் என்றேன்.

“அப்போ நண்பர் தொண்ணூறு நாள் தூங்கட்டும்.” சிரிப்பு முகம். அறுபது பேர் அதற்கு இதயம் போட்டார்கள். பிறகு யாரோ புதிதாக வந்த கடல் காற்றாலையின் படத்தைப் போட, எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். நானும் இதயம் போட்டேன். அழகாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 18

ஞாயிறு. அம்மா ஆவணி அவிட்டத்துக்கு வரச் சொன்னார். லீவு இல்லை என்றேன். கேட்கவே இல்லை, அதுதான் உண்மை. ஊருக்குப் போனால் எல்லாரும் வேலையைப் பற்றிக் கேட்பார்கள்.

ஆகஸ்ட் 20

தலைவலி. லிஸ்ட் மதியம் போய்விட்டதாம்.

ஆகஸ்ட் 24

நேற்று யேசுவடியான் அண்ணா கன்ட்ரோல் ரூமுக்கே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் ஐ.டி.ஐ. சர்டிபிகேட், உயரத்தில் வேலை செய்யும் பாஸ், ஒரு போட்டோ.

“வந்தி, ஒனக்கு மட்டும் சொல்லுதேன். வீட்ல இன்னும் தெரியாது. எனக்கு இந்த மாசத்தோட சரி.”

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“குஜராத்ல ஆள் எடுக்கானாம். பயோடேட்டா அனுப்பணும். நீ கம்ப்யூட்டர்ல கில்லாடில்லா, அடிச்சிக் குடேன்.”

அடித்தேன். பெயர். அப்பா பெயர். பிறந்த தேதி. அனுபவம் பதினான்கு வருடம். ஏறிய மெஷின் வகைகளை அவர் சொல்லச் சொல்ல ஏழு வந்தது. ஒவ்வொன்றையும் எனக்கு விளக்கினார், அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. குஜராத்காரர்களின் படிவத்தில் கடைசியில் ஒரு கட்டம்: முந்தைய வேலையை விட்ட காரணம்.

“அதுல என்ன போடுறது?” என்றேன்.

சர்டிபிகேட்டைக் கவருக்குள் திரும்ப வைத்தார். “மெஷின சரியாப் பாக்கலன்னு போட முடியுமா? சொந்தக் காரணம்னு போடு.”

கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. என்னால் அதை அடிக்க முடியவில்லை. விரல் அசையவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும். அடித்தேன், அழித்தேன், அடித்தேன், அழித்தேன்.

“கரண்டு போச்சா?” என்றார்.

நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். இன்று காலை முப்பத்தேழு பக்கம் லாக்கை அச்செடுத்து, தாணுலிங்கம் சார் மேஜையில் வைத்தேன். முதல் பக்கத்தில் நானே எழுதினேன்: முதல் ஒன்பது மெஷின்களின் பிரேக்கும் கியரும் போனதற்குக் காரணம் பராமரிப்பு இல்லை. ஃபாஸ்ட் ஸ்டாப். ஆபரேட்டர் 6, மதுவந்தி.

அவர் நான்கு பக்கம் புரட்டினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“இத நீ குடுக்கலன்னா யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அப்போ எதுக்குக் குடுத்த?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நோட்டீஸ் போர்டுல குத்துனது யாரு? நான். இந்தப் பேப்பர் மேல போச்சுன்னா, மொதக் கேள்வி என்னயத்தான் கேப்பான். யோசிச்சியா?”

“யோசிச்சேன் சார். அதான் ஹெட் ஆபீஸ் இன்ஜினியருக்கும் மெயில் பண்ணிட்டேன். ஒன்பது மணிக்கே.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய் போர்டிலிருந்த தாளை எடுத்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 25

யேசுவடியான் அண்ணாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று ஏழாம் நம்பருக்கு நடந்தே போனேன். மூன்று கிலோமீட்டர். எதிர்காற்று. அவர் கீழே கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

சொன்னேன். லாக் எடுத்த தேதி தவிர எல்லாவற்றையும். குரூப், ஆமை, நாற்பத்தேழு வினாடி, சுவர் தள்ளிய அன்றைக்கே தெரிந்தது வரை.

அவர் கயிற்றைச் சுற்றி முடித்தார்.

“நான் மேல நின்னு ஒங்கிட்ட நெத்திலிக் கதை சொன்னம்லா,” என்றார். “எறங்கி வீட்டுக்குப் போவேன். நீ அங்க கடியாரத்த வச்சிக்கிட்டு என் மெஷினப் போட்டு மிதிச்சிருக்க.”

“அண்ணா...”

“சகாயராச நான் ஊரு பூரா ஏசிட்டுத் திரிஞ்சேன். அவங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சி மன்னிப்பு கேக்க?”

ஜீப்பில் ஏறினார். ஏறச் சொல்லுவார் என்று நின்றேன். சொல்லவில்லை. திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளிக்கொண்டே வந்தது, சீக்கிரம் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26

குரூப்பில் உண்மையை எழுதினேன். நண்பர் இல்லை, நான்தான் என்று. எட்டு மணி நேரத்தில் மூன்று கட்டைவிரல். ஒருவர், “அப்போ 44 செகண்ட் ரெக்கார்டு செல்லாதா?” என்று கேட்டார்.

ஆகஸ்ட் 30

ஹெட் ஆபீசிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஃபாஸ்ட் ஸ்டாப் பட்டனைப் பூட்டிவிட்டார்கள், தீ பிடித்தால் மட்டும் திறக்கும். இனிமேல் பேக் டவுன் வந்தால் எந்த மெஷினையும் நிறுத்தக் கூடாது. ஐம்பத்திரண்டிலும் ஆளுக்குக் கொஞ்சமாக இறக்கையைத் திருப்பிக் குறைக்க வேண்டும். இது எங்கள் மெஷினில் முதலிலிருந்தே இருக்கிற வசதி. மேனுவலில் நூற்றுப் பதினாறாம் பக்கம். அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. திரையை விட்டு எடுத்துவிட்டார்கள். முதல் ஒன்பது மெஷினிலும் அடிப் போல்ட் ஒவ்வொன்றையும் சரிபார்த்து எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். யேசுவடியான் அண்ணா குழு.

அவர் பெயர் பற்றி உத்தரவில் ஒன்றுமில்லை. தனியாக வருமாம், அதுவரை தினக்கூலிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 2

ஒரு மெஷினுக்கு அடியில் நூற்றிருபது போல்ட். ஒவ்வொரு போல்ட்டின் குறுக்கேயும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இருக்கும். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. அவர் குனிந்து பார்த்து நம்பர் சொல்வார். நான் எழுதுவேன். நகர்ந்ததை முறுக்கிவிட்டுப் புதிதாகக் கோடு போடுவார்.

“ஒண்ணு, சரி. ரெண்டு, சரி. மூணு, போச்சு.”

இன்று முழுக்க அவர் என்னிடம் பேசியது இவ்வளவுதான். வந்தி என்று கூப்பிடவில்லை. எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை.

மதியம் அவர் ஜீப்புக்குள் சாப்பிட்டார். நான் நிழலில் சாப்பிட்டேன். நிழல் மெலிதாக நீளமாக இருந்தது. இறக்கையின் நிழல் சாப்பாட்டின் மேல் வந்து வந்து போனது.

செப்டம்பர் 5

இரண்டு முடிந்தது. பதினெட்டுப் போல்ட் நகர்ந்திருந்தது. கையில் கிரீஸ், சோப்புக்குப் போகவில்லை. விக்டோரியா அக்கா மண்ணெண்ணெய் கொடுத்தார். “ஒனக்கு என்ன தலையெழுத்து, பொம்பளப் பிள்ளைக்கு?” என்றார். நன்றாகத்தான் இருக்கிறது அக்கா என்றேன். அது பொய்யும் இல்லை.

செப்டம்பர் 9

மூன்றாம் நம்பர். இது ஓடவில்லை, கிரேனுக்காகக் காத்திருக்கிறது. உள்ளே அந்த ‘ம்ம்ம்’ இல்லை. நம் மூச்சுதான் கேட்கிறது.

தொண்ணூறாவது போல்ட் வரை வந்திருந்தோம். அவர் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். குனியாமல் நின்றார்.

“தாணுலிங்கம் சாரு. எனக்கு ஆர்டர் வந்துட்டாம்.”

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மூணு மாசம்.”

“மூணு மாசமா? எல்லாருக்கும் ஒரு வருஷம் தானே அண்ணா?”

“லிஸ்ட்டு இருவதாம் தேதியே போய்ட்டுல்லா. அதுல என் பேரு இல்ல. அந்த எடத்துல வேற ஆளு போட்டாச்சு. இப்போ தனியா எழுதி, மூணு மாசம் வாங்கியிருக்கார். பெறவு பாப்போம்னு சொல்லுதானாம்.” என்னைப் பார்த்தார். பதினைந்து நாளில் முதல்தடவை. “நீ அந்த லாக் பேப்பர எப்ப எடுத்த?”

“பத்தாம் தேதி.”

அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. எனக்கும் தெரியும் அந்தக் கணக்கு. பத்திலிருந்து இருபது வரை பத்து நாள். தினமும் டீ வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

“தொண்ணூத்தி ஒண்ணு,” என்றார். “போச்சு.”

எழுதினேன்.